அண்ணியின் இடது முட்டி

அண்ணி,

நேற்று அண்ணன் சொன்னார் என்று உங்கள் அலமாரியை ஒழித்துக் கொடுக்கக் கீழே இறங்கிப் போனேன். புடவைகளை எடுத்துக் கட்டில்மேல் அடுக்கிவிட்டு மேல்தட்டில் கைவிட்டபோது ஒரு பிஸ்கட் டின் அகப்பட்டது. ஊசியும் நூல்கண்டும் இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். பவுடர் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே, நான்காக மடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே பவுடர் தூவி, ஒரு மஞ்சள் ரப்பர் பட்டை. கால் பயிற்சிக்குக் கொடுக்கிற, இழுத்தால் நீளுகிற பட்டை. என் கிளினிக்கில் அதேபோல் பத்துப் பன்னிரண்டு கொக்கியில் தொங்குகின்றன. ஆனால் இது நான் கொடுத்தது இல்லை. அது எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

அப்படியே உங்கள் புடவைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் நெல்லித்தோப்பு வீட்டுக்கு வாழ வந்தபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். பிசியோதெரபி படிக்கப் போகிறேன் என்றதும் அப்போது மில்லில் வேலையிலிருந்த அண்ணன், "அது என்னா, கை கால் அமுக்கிவிடுற படிப்பா?" என்று சிரித்தார். நீங்கள்தான், "அவளுக்கு எது புடிக்குதோ அத படிக்கட்டும், விடுங்க" என்று அந்தப் பேச்சை முடித்து வைத்தீர்கள். முதல் வருடம் எலும்புகளையும் தசைகளையும் மனப்பாடம் செய்ய முடியாமல் நான் அழுதபோது, பாயில் காலை நீட்டிப் படுத்து, "இந்தா, என் காலை வெச்சுப் படி" என்றீர்கள். பேனாவால் உங்கள் இடது காலில் கோடு போட்டுப் போட்டுப் படித்தேன். முட்டிச் சில்லின் ஓரத்தை என் விரல் முதன்முதலில் தொட்டறிந்தது உங்கள் காலில்தான். மறுநாள் நீங்கள் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போகும்வரை மை போகவில்லை. உங்கள் எல்.கே.ஜி. பிள்ளைகள், "டீச்சர், கால்ல யாரு கிறுக்குனது?" என்று கேட்டார்களாம். அதை வந்து சொல்லி நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அதே இடது முட்டிதான் இருபது வருடம் கழித்து வலிக்க ஆரம்பித்தது.

அப்போது நான் கிளினிக் வைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மாடியில் நானும் என் கணவரும், கீழே நீங்களும் அண்ணனும். மில் மூடிய பிறகு அண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். உங்கள் மகன் வேலைக்கென்று பெங்களூர் போன வருடம் அது. ஒரு காலையில் நான் அவசரமாகப் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்தபடி நின்றீர்கள்.

"பாப்பா, ரெண்டு மாசமா இந்த முட்டி வலிக்குது. கீழ உக்காந்தா எழுந்துக்க முடியல."

நான் தோளில் பையோடு குனிந்து, புடவைக்கு மேலேயே முட்டியை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை. "ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க அண்ணி. கொஞ்சம் வெயிட்டயும் குறைங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். நீங்கள் எக்ஸ்ரே எடுத்து வந்தீர்கள். அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். லேசான தேய்மானம், அந்த வயதில் யாருக்கும் இருப்பதுதான். முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொன்னேன். செய்து காட்டவில்லை, வாயால்தான் சொன்னேன். நீங்கள் மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தீர்கள் என்று பிறகு தெரிந்தது. வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

சர்ச்சில் ஞாயிறு பூசையில் எல்லோரும் முழந்தாளிடும்போது நீங்கள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தீர்கள். பின்வரிசையிலிருந்து அதைப் பார்த்தேன். எனக்கு உங்கள் மேல் இரக்கம் வரவில்லை அண்ணி. எரிச்சல்தான் வந்தது. பிசியோ வீட்டில் இருக்கும்போதே இப்படி உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது.

ஒருநாள் மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் மாடிக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பாப்பா, அவளுக்கு நெசமாவே வலிக்குதா? ஸ்கூல விட்டு நின்னுடறேன்னு சொல்றா. புள்ளைங்களோட தரையில உக்கார முடியலன்றா."

என் கை தட்டில் இருந்தது. மறு கையில் போன். "எக்ஸ்ரேல பெருசா ஒண்ணும் இல்லண்ணே. புள்ள பெங்களூர் போன ஏக்கம். மனசுலதான் இருக்கு" என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அண்ணன் கீழே இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் படி வழியாக மேலே வந்தது: "என் தங்கச்சியே சொல்லிட்டா, ஒண்ணுமில்லன்னு. அவளவிட உனக்குத் தெரியுமா?"

நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளினிக்குக்குக் கிளம்பினேன்.

அதன் பிறகு வலி என்ற சொல்லையே நீங்கள் எடுக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் பள்ளியை விட்டு நின்றீர்கள், காரணம் சொல்லாமல். சமையல் மேடையில் சாய்ந்து நின்று காய் நறுக்கினீர்கள். செருப்பைக் குனிந்து மாட்ட முடியாமல் காலாலேயே தேடித் தேடி நுழைத்தீர்கள். இடது பக்கம் லேசாகச் சாய்ந்து நடந்தீர்கள். இதையெல்லாம் தினமும் பார்த்தேன். கிளினிக்கில் ஒரு அம்மாள் அப்படி நடந்து வந்திருந்தால் நாற்காலியில் உட்காருவதற்குள் எனக்குப் புரிந்திருக்கும். வீட்டில் நடந்தவர் என் அண்ணி. நீங்கள் சொல்லாததால் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

இப்படி நான்கு வருடம்.

பிறகு ஒரு காலை, துணி காயப்போட மொட்டைமாடிக்கு ஏறினேன். கடைசிப் படிக்கு முந்தைய படியில் உங்கள் குரல் கேட்டு நின்றேன். "அன்... தெ... த்ருவா..." ஐந்தாம் வகுப்புவரை பிரெஞ்சில் படித்ததில் உங்களிடம் மிஞ்சியிருந்தது எண்கள் மட்டும்தான். பால் கணக்கைக்கூட அதில்தான் எண்ணுவீர்கள். எட்டிப் பார்த்தேன். பாயில் வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தீர்கள். இரண்டு தொடைகளையும் சுற்றி அந்த மஞ்சள் பட்டை. பாதங்கள் ஒட்டியிருக்க, இடது முட்டியை மட்டும் மெல்லத் தூக்கி, நிறுத்தி, இறக்கினீர்கள். "கத்ர்... சேன்க்..."

அது முட்டிக்கான பயிற்சி இல்லை. இடுப்பு மூட்டுக்கான பயிற்சி.

யாரும் எனக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இடுப்பு மூட்டு கெட்டால் சிலருக்கு வலி இடுப்பில் தெரியாது, தொடை வழியாக இறங்கி முட்டியில் தெரியும். மூன்றாம் வருடப் பாடம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். செருப்பு, தரையில் உட்கார முடியாதது, சாய்ந்த நடை எல்லாம் அந்தப் படியிலேயே வரிசையாக வந்து நின்றன. ஈரத் துணி வாளியோடு சத்தமில்லாமல் திரும்பி இறங்கினேன். அன்று உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பத்து நாள் கழித்துத்தான் கேட்டேன். நீங்கள் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தீர்கள். தப்புச் செய்து மாட்டிக்கொண்டவரைப் போல நீங்கள்தான் பதறினீர்கள்.

"தவளக்குப்பத்துல சின்னம்மா வூட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போவேன்ல, அங்கதான். சின்னம்மாவுக்கு தோள்பட்டைய ஒரு பிசியோ பொண்ணு பாக்குது. சும்மா கூடப் போனேன். நான் படியேறி வர்றதப் பாத்துட்டு, 'உங்களுக்கு என்னம்மா வலி?'ன்னு அதுவே கேட்டுச்சு."

"என்ன பண்ணா?"

"மொதல்ல முட்டியத் தொடவே இல்ல பாப்பா. கதவுலேருந்து நடந்து வாங்கன்னா. திரும்பப் போங்கன்னா. செருப்ப மாட்டிக் காட்டச் சொன்னா. அப்புறம் படுக்க வெச்சு, முட்டிய மடக்கி, தொடைய அப்படியே உள்பக்கமாத் திருப்புனா. அம்மாடி! முட்டியில அதே வலி, சுரீர்னு. முட்டியத் தொடாமலே முட்டி வலிய வரவெச்சுட்டா. 'வலி காட்டுற எடம் இது, வலி பொறக்குற எடம் அது'ன்னு இடுப்பக் காட்டுனா. மூட்டு டாக்டருகிட்ட அனுப்பி இடுப்பு எக்ஸ்ரேவும் எடுக்க வெச்சா."

சொல்லும்போது உங்கள் கண் பளபளத்தது. வலி குறைந்த சந்தோஷத்தைவிட, வலி இருக்கிறது என்று ஒருத்தி ஒப்புக்கொண்ட சந்தோஷம் அது என்று எனக்குத் தோன்றியது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றேன். எவ்வளவு வெட்கங்கெட்ட கேள்வி அது. நீங்கள் முதலில் என்னிடம்தானே சொன்னீர்கள்.

நீங்கள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. "நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பாக்குற. வூட்டுலயும் வந்து நான் வேற வேலை வெக்கணுமா?" என்று மீன் சட்டியைத் திருப்பினீர்கள். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. "பயிற்சிய விடாம செய்யுங்க" என்று மட்டும் சொன்னேன். உங்களிடம்கூட டாக்டர் மாதிரிதான் பேசினேன்.

மூன்று மாதத்தில் உங்கள் நடை நிமிர்ந்தது. வலி முழுவதும் போய்விடவில்லை. "இருக்குது, ஆனா ஒதுங்கி இருக்குது" என்பீர்கள். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துவிட்டு வந்தீர்கள். அந்த வருட ஈஸ்டர் பூசையில் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழந்தாளிட்டதைப் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்திலிருந்தவர்கள் ஜெபம் என்று நினைத்திருப்பார்கள்.

அப்படி ஒன்றரை வருடம். பிறகு ஒரு மழைக்காலக் காய்ச்சல். எட்டே நாள். அதற்கும் உங்கள் காலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எனக்குத்தான் கணக்கு ஒத்துவரவில்லை. வலி என்று என்னிடம் வந்தபோது உங்களுக்கு மிச்சமிருந்தது ஐந்தரை வருடம். அதில் நான்கை நீங்கள் நொண்டியே கழிக்க விட்டுவிட்டேன்.

அடக்கம் முடிந்து வந்தவர்களிடம் அண்ணன் அழுதுகொண்டே சொன்னார், "கடைசி காலத்துல அவ நல்லா நடந்தான்னா என் தங்கச்சியாலதான். வலி எங்கேருந்து வருதுன்னு கரெக்டா கண்டுபுடிச்சவ அவதான். அவளே சொன்னா எங்கிட்ட."

நீங்களே சொன்னீர்களாம். தவளக்குப்பத்துப் பெண்ணின் பெயரை எடுக்காமல், "பாப்பாதான் சொல்லிக் குடுத்தா" என்றீர்களாம். அண்ணனுக்கு முன்னால் என் மதிப்புக் குறையக் கூடாது என்று நினைத்தீர்களோ, வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்தீர்களோ, கேட்க இனி வழியில்லை. அன்று கூட்டத்துக்கு நடுவில் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் திறக்கவில்லை. அண்ணன் தெருவில் முட்டி வலிக்கிறவர்களையெல்லாம் பெருமையாக என்னிடம் அனுப்பினார். நானும் பார்த்தேன்.

நேற்று அலமாரியை மூடிவிட்டு நேராகக் கூடத்துக்குப் போனேன். அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அண்ணி காலை நான் சரி பண்ணல."

"என்னா சொல்ற?"

எல்லாவற்றையும் சொன்னேன். படியில் நின்று அமுக்கிப் பார்த்ததை, தவளக்குப்பத்தை, மொட்டைமாடியை. அவர் கை தட்டிலேயே நின்றது.

"அப்ப, மனசுலதான் இருக்குன்னு நீ சொன்னது?"

"பாக்காம சொன்னேண்ணே. தப்பு."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, "அவளுக்கு வலிக்குதான்னு மாடியேறி வந்து உன்னக் கேட்டேன் பாரு" என்றார். "அவ கீழயேதான இருந்தா. அவகிட்ட ஒருவாட்டி கேட்டிருக்கலாம்."

கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். இன்று காலை வேனை எடுக்கும்போது வழக்கம்போல மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்கவில்லை. கொடுப்பாரா என்று தெரியவில்லை. நானாகப் போய்க் கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை.

எனக்கென்று மிஞ்சியிருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன பிறகு, வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன். எந்தப் பாடப் புத்தகத்திலும் அது இல்லை. இன்று பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு மீன்காரம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். கூட அவருடைய கணவர். நடக்க விட்டுப் பார்த்தேன், கையைத் தூக்கச் சொன்னேன். பிறகு, "வீட்ல யாருகிட்டயாவது சொன்னீங்களாம்மா?" என்று கேட்டேன்.

அவர் கணவரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "சொன்னேம்மா" என்றார், ரொம்ப மெல்ல.

கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். "இப்ப எங்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

சொல்லி முடிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆனது. உங்களுக்கு அவ்வளவுகூடத் தேவைப்பட்டிருக்காது, அண்ணி.