வெங்காயம் இல்லாத பொட்டலம்

என்னங்க,

"தனியா நடந்தாத்தான் மனசு தெளியுது"ன்னு வருஷா வருஷம் நீங்க கிளம்பி வர்ற மலை விடுதியிலதான் இருக்கேன். உனக்கு மூட்டு தாங்காதுன்னு சொல்வீங்களே, மூணு நாளா ஏறி இறங்குறேன். மூட்டு கல்லு மாதிரி இருக்கு.

விடுதிக்கார அம்மாவுக்குத்தான் என்ன ஞாபகசக்தி! நடக்கப் போறவங்களுக்கு மதியத்துக்கு ரொட்டியும் முட்டையும் அவங்களே கட்டித் தர்றாங்க. யாருக்கு எது ஆகாதுன்னு மறக்கிறதே இல்ல. உங்க பேரைச் சொன்னதும், "அவர் சம்சாரம் வெங்காயம் தொடமாட்டாங்களே! நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டாங்க.

அக்கான்னு சொன்னேன். பொய் இல்லையே.

நான் பச்சை வெங்காயத்தையே கடிச்சுத் தின்னுறவ. நம்ம குடும்பத்துல அதைக் கண்டாலே மூக்கைப் பொத்துறது என் தங்கச்சி ஒருத்திதான்.

பயப்படாதீங்க, யார்கிட்டயும் வாயைத் திறக்கல. அவளோட கல்யாண நாளுக்கு அவங்க ரெண்டு பேருக்கும் இங்கேயே நாலு நாள் அறை எடுத்துக் கொடுத்திருக்கேன், அவ்வளவுதான். உங்க சகலைக்குத் தலைகால் புரியல, புது ஷூ வாங்கிட்டாராம். இவ தலைவலி, காய்ச்சல்னு என்னென்னவோ சொல்லிப் பார்த்தா. அவர் விடுறதா இல்ல. இந்தக் கடிதம் உங்க கைக்கு வர்றப்போ வந்து இறங்கியிருப்பாங்க.

விடுதிக்கார அம்மா வாசலுக்கே வந்து வரவேற்பாங்க. வெகுளி மனுஷி, மனசுல பட்டதைக் கேட்டுடுவாங்க.

வெங்காய விஷயத்தை நான் சொல்லி வைக்கல. அவங்களே பார்த்துப்பாங்க.

இப்படிக்கு,
மூட்டு தாங்காதவள்