முயல் தாவு

போல்டால் பள்ளிக்கூடம்,
பிப்ரவரி, வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் யாஸ்னாவுக்கு,

அம்மா எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், அதை முதலில் படித்துக்கொள். நேற்று செல்போன் கோபுரம் எரிந்து விழுந்துவிட்டது. தண்ணீர் லாரிக்காரர் கொன்செப்சியோனுக்குத் திரும்பும்போது, நீ இருக்கும் தீயணைப்புத் தலைமை முகாமில் இதைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் தொட்டியைக் காலி செய்வதற்குள் எழுத வேண்டும். கையெழுத்தைக் குறை சொல்லாதே, முழங்காலில் வைத்து எழுதுகிறேன்.

புவெல்சே காற்று இன்னும் நிற்கவில்லை. மலைப்பக்கத்திலிருந்து அனலை அள்ளிக்கொண்டு வருகிறது. பள்ளிக்கூடத்துக் கண்ணாடி ஜன்னலில் கை வைக்க முடியவில்லை. சூரியன் செப்புக்காசு போலத் தெரிகிறது. ஊர் முழுக்க இங்கேதான் கிடக்கிறோம். ஓடையைத் தாண்டி நம் வீட்டில் உன் அப்பா மட்டும் இருக்கிறார். என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் பாலத்துக்கு இந்தப் பக்கம் விட்டுவிட்டுத் தான் திரும்பிப் போய்விட்டார். குழாயைப் பிடித்துக்கொண்டு பைன் மரங்களுக்குத் தண்ணீர் அடிக்கிறாராம். வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்வது?

இன்று விடிந்ததும் தீயணைப்புப் படைத் தலைவர் ஒசியேல் வந்தார். நல்ல பையன், கண் இரண்டும் கோவைப்பழம். முகாமிலிருந்து உத்தரவு வந்திருக்கிறதாம். மத்தியானம் கடல்காற்று திரும்பும், கொஞ்ச நேரம்தான் நிற்கும், அதற்குள் ஓடைக்கரை நெடுக நாமே தீ வைத்துவிட வேண்டுமாம். எதிர்த் தீ கிழக்கே ஏறிப் போய் மலையிலிருந்து இறங்கும் பெருந்தீயைச் சந்தித்தால் ஊர் தப்பிக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் போகும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பைன் தோட்டம், வீடு, என் ரொட்டி அடுப்பு, கோழிக்கூடு. வேறு யாருடைய சாமானும் இல்லை.

அப்பாவிடம் ஒசியேல் போய்ச் சொன்னதும் அவர் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாராம். ‘வைங்கப்பா, நல்லா வைங்க. நான் இங்கதான் இருப்பேன். என்னையும் சேத்து எரிச்சிட்டுப் போங்க’ என்றாராம். ஒசியேல் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். கடைசியில் என்னிடம் வந்து, ‘அம்மா, உள்ள ஆள் இருக்கையில நான் தீ வைக்க மாட்டேன். கடல்காத்து போயிடுச்சுன்னா அப்புறம் ஊரும் இல்ல. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க’ என்றார்.

நான் என்ன சொல்வேன்? அந்த மனுஷன் என் பேச்சை எப்போது கேட்டிருக்கிறார்? ஊர் மொத்தமும் என்னையே பார்க்கிறது. கடைக்கார சுனில்டா மூஞ்சிக்கு நேரே, ‘உன் வீட்டுக்காரருக்கு எங்க பிள்ளைங்க உசுரைவிடப் பைன் மரம் பெருசாப் போச்சா?’ என்று கேட்டாள். ‘அவரையே போய்க் கேளு, எங்கிட்ட எகிறாதே’ என்று நானும் எகிறினேன். அவள் கேட்டதில் தப்பில்லை என்று எனக்கே தெரியும். அதுதான் இன்னும் எரிகிறது.

உன் அப்பாவையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்ல என்னால் முடியாது, யாஸ்னா. அந்தப் பைனில் பாதியை வெட்டி விற்றுத்தான் உன்னை வால்டிவியாவுக்குப் படிக்க அனுப்பினார். மீதியை அடுத்த வருஷம் வெட்டுவதாக இருந்தார். நீ பழைய பெருந்தீக்குப் பிறகு அளவு நாடாவும் கையுமாகக் கரிந்த மலைகளில் அலைந்தாயே, எந்த மரம் துளிர்க்கிறது, எது துளிர்க்கவில்லை என்று வருஷக் கணக்காக எண்ணினாயே, அப்போதெல்லாம் அவர் ஊரில் மார் தட்டிக்கொண்டு திரிந்தார். ‘எம் மக முளை எண்ணியே டாக்டர் ஆயிட்டா. நான் உருளைக்கிழங்கு எண்ணினா மந்திரி ஆயிருவேன் போல’ என்று கேலியும் பேசுவார். பிறகு நீ தீ அபாய வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஊர்க்கூட்டத்துக்கு வந்து, நம் தோட்டத்தின் மேல் சிவப்பு பூசிக் காட்டி, ‘இது ஊருக்கு வச்ச திரி’ என்று சொன்னாய். அவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு போனவர்தான். ‘பைன் போட்ட சோத்தைத் தின்னுட்டு அதையே குத்தம் சொல்றா’ என்று என்னிடம் பொருமினார். இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது, நீங்கள் இருவரும் பேசி.

நடுவில் கிடந்து நான்தான் அரைபடுகிறேன்.

லாரியில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. ஒசியேல் மறுபடி ஓடி வருகிறார், கையில் ரேடியோ. எல்லோரிடமும் ஏதோ கேட்கிறார். இரு.

யாஸ்னா, அவர் என்ன கேட்டார் தெரியுமா? ‘முயல் தாவுங்கிறது எங்கம்மா இருக்கு? அங்கேருந்து தீயை ஆரம்பிக்கணும்னு முகாம்ல சொல்றாங்க. என் வரைபடத்துல அப்படி ஒரு இடமே இல்லையே’ என்றார். ஊரில் யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அது எந்த வரைபடத்திலும் இல்லை. ஓடை குறுகுகிற இடத்தில் நீ சின்னப் பெண்ணாகத் தாவுவாய், அப்பா அந்தக் கரையில் கையை நீட்டிக்கொண்டு ‘வாடி முயலே’ என்பார். நாம் மூன்று பேர் வைத்த பெயர் அது.

ஒசியேலை இழுத்துக்கொண்டு அப்பாவிடம் போகிறேன். மிச்சத்தை வந்து எழுதுகிறேன். வந்தால்.

சனிக்கிழமை

லாரிக்காரருக்குப் புண்ணியம், எனக்காக ஒரு நாள் தங்கிவிட்டார். நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் போனபோது அப்பா தொட்டி மேல்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும், ‘உன்னை யாருடி வரச் சொன்னது?’ என்று கத்தினார். ஒசியேல்தான் கீழே நின்றபடி, ‘பெரியவரே, திட்டுறதை அப்புறம் திட்டுங்க. முயல் தாவு எங்க இருக்கு, அதை மட்டும் சொல்லுங்க’ என்றார்.

அப்பா திட்டுவதற்குத் திறந்த வாயைத் திறந்தபடியே வைத்திருந்தார். தொட்டி விளிம்புக்கு நகர்ந்து வந்து, ‘யார் சொன்னது?’ என்றார். தலைமை முகாம் என்றார் ஒசியேல். ‘பொம்பளைக் குரலா?’ என்றார் அப்பா. ‘ஆமா. தொண்டை கட்டின மாதிரி இருந்துச்சு. காதுல விழலைங்க, இன்னொரு தரம் சொல்லுங்கன்னேன். ரெண்டாந்தரம் வேற ஆள்தான் வந்து சொன்னாரு’ என்றார் ஒசியேல்.

பாவம், அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. எங்கே தீ வைப்பது என்று கோடு போட்டவள் நீ. வீடு கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரிந்தே போட்டிருக்கிறாய்.

அப்பா இறங்கினார். இறங்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது, நான் கையைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டார். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டார். ‘உள்ள போயி ஏதாச்சும் எடுத்துக்க, சீக்கிரம்’ என்றார். எதை எடுத்தேன் தெரியுமா? வெந்நீர்க் கெண்டியை. நீ பட்டம் வாங்கிய போட்டோ ஆணியில் தொங்குகிறது, அதை விட்டுவிட்டு ஓட்டைக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். புத்தி போன இடம் அப்படி.

பாலத்தில் வரும்போது காற்று திரும்பியது. கழுத்தில் உப்புக் காற்று பட்டது. ஒசியேல் தன் ஆட்களைக் கூப்பிட்டார். எரிகிற எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடும் டப்பா வைத்திருந்தார்கள். அப்பா கையை நீட்டி, ‘இங்க கொடு. என் மரத்துக்கு வேற எவனும் தீ வைக்கக் கூடாது’ என்றார். ஒசியேல் கொடுத்துவிட்டார். முயல் தாவுக்கு அப்பாதான் வழி காட்டினார். முதல் தீயை அவரே வைத்தார். கரை நெடுக நிதானமாக நடந்தார். நான்தான் கெண்டியை இரண்டு தரம் கீழே போட்டேன்.

பைன் எப்படி எரியும் என்று நீதான் சொல்வாய், நான் அதைக் கேட்டிருக்கிறேனே தவிரப் பார்த்ததில்லை. நேற்றுப் பார்த்துவிட்டேன், இனிமேல் பார்க்கவும் வேண்டாம். நம் வீட்டுக் கூரை போகும் சத்தம் பள்ளிக்கூடம் வரை கேட்டது. பாலமும் போய்விட்டது. தீ தீயைச் சந்தித்து மலை மேலேயே அடங்கியது. ஊர் நிற்கிறது, ஒரு வேலி கூடப் போகவில்லை. சுனில்டா வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன், என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். உன் பெயரைச் சொல்லாமல் மறைத்தவள், அந்த இடத்தின் பெயரை ஏன் சொன்னாய்? பழக்கத்தில் வாய் தவறி வந்ததா, இல்லை, அப்பாவுக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னாயா?

அம்மா

*

போல்டால்,
மார்ச், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

கர்மேன் மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும். கோபுரத்தைச் சரி செய்துவிட்டார்கள். உன் போன் மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. அதனால் மறுபடி காகிதம்.

முகாமைக் கலைத்துவிட்டார்கள், நீ பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவிட்டாய் என்று லாரிக்காரர் சொன்னார். உன்னைப் பார்த்தாராம். பாதி ஆளாகிவிட்டாய் என்றார். என் கடிதத்தை வாங்கி, படிக்காமலே கையில் வைத்துக்கொண்டு நின்றாயாம். இன்னும் படிக்கவில்லை என்றால் இப்போது உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துப் படி. எதற்குப் பயப்படுகிறாய்? நாங்கள் உன்னைச் சபிப்போம் என்றா?

சுனில்டா கடைக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்திருக்கிறாள். வாடகை என்று வாய் திறந்தால் அடிப்பேன் என்கிறாள். என் ரொட்டி அடுப்பு மட்டும் அப்படியே நிற்கிறது, மண்ணுக்கு என்ன தீ. நேற்று அதில் ரொட்டி சுட்டேன். காற்று இல்லாத நாளில், ஒசியேலிடம் கேட்டுவிட்டுத்தான் மூட்டினேன், நீ தொலைவிலிருந்து கத்த வேண்டாம். கோழிகள் பாதி திரும்பி வந்துவிட்டன.

அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். காலையில் வறுத்த மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு அந்தக் கரைக்குப் போய்விடுகிறார். என்ன செய்கிறார் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பைன் கட்டைகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அடுப்புக்குப் பின்னால், எரிந்தாலும் துளிர்க்கும் என்று நீ சொல்வாயே, அந்தப் போல்டோ மரத்தின் கரிக்கட்டைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறார். சுற்றிக் கல் அடுக்கியிருக்கிறார், ஆடு மிதிக்கக் கூடாதாம். வாளியில் ஓடைத் தண்ணீர். எதற்கு என்றால், ‘கோழிக்கு’ என்கிறார்.

முந்தாநாள் சாப்பிடும்போது, என் முகத்தைப் பார்க்காமல், ‘அவ எண்ணுவாளே, அந்தத் துளிரு, எத்தனை நாள்ல வரும்னு சொல்லியிருக்காளா?’ என்றார். எனக்கு என்ன தெரியும், அவளையே கேளுங்கள் என்றேன். ‘நான் கேட்டேன்னு எழுதிராத’ என்றார். எழுதிவிட்டேன். வந்து நீயே பதில் சொல்.

விடுப்பு கிடைக்கவில்லை, வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லாதே. எண்ணுகிற வேலைதானே? இங்கே மலை முழுக்கக் கிடக்கிறது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வா. நீ வீட்டை எரித்துவிட்டாய் என்று எங்கள் மனதில் இல்லை. உன் மனதில் இருக்கிறது என்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. நீ பாதி உடம்பாகி எங்கேயோ தனியாக உட்கார்ந்து அழுதால் எனக்கு ஊர் நின்று என்ன, எரிந்து என்ன.

பாலம் இன்னும் போடவில்லை. நீ வந்தால் நம் தோட்டத்துக்கு முயல் தாவு வழியாகத்தான் கடக்க வேண்டும். அங்கே ஒரு பலகையாவது போட்டு வையுங்கள் என்று உன் அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன்.

‘எதுக்குப் பலகை?’ என்றார். ‘அவளுக்குத் தாவத் தெரியும். நான் அந்தக் கரையில நிப்பேன்.’

வா, கண்ணே.

உன் வரவு பார்த்து,
அம்மா எர்மிந்தா