எரிமலை ஊருக்கு மூன்று இரவு

மார்ச் 3, செவ்வாய்

பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலைக்கு உட்கார்ந்து உட்கார்ந்து, என் மனைவி வீட்டிலும் பல்லைப் பற்றித்தான் பேசுவாள். இன்று ஒரு பழைய பத்திரிகைப் பக்கத்தைக் கிழித்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு தீவு. புகை விடும் மலை. அதன் காலடியில் ஒரு நகரம்.

"பின்னாடி நெருப்பு மலை. முன்னாடி ஒரு அம்மா கத்திரிக்காயை அழுத்திப் பாக்குறாங்க பாருங்க. இங்க போகணும்."

"பாக்கலாம்" என்றேன். எங்கள் வீட்டில் அதற்கு 'இல்லை' என்று பொருள்.

மார்ச் 5

டிக்கெட் எடுத்துவிட்டாள், இரண்டு பேருக்கும். ஏப்ரல் 9, மூன்று இரவு. என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள்.

மார்ச் 8, ஞாயிறு

முப்பது வருஷமாக லிஃப்ட்டுகளைச் சோதித்து 'பயமில்லை' என்று கையெழுத்துப் போடுகிறவன் நான். அந்த மலைக்கு யார் கையெழுத்துப் போட்டார்கள்?

அங்கே ஹோட்டலுக்கு போன் போட்டு இங்கிலீஷில் பேசினேன். மலை தெரியும் அறைக்குக் கட்டணம் கூடுதலாம். "மலை தெரியாத அறை குடுங்க" என்றேன்.

அந்த ஆள் பொறுமையாகச் சொன்னார்: "சார், நீங்க ஜன்னலைச் சாத்திக்கிட்டாலும் மலை அங்கதான் இருக்கும்."

"லிஃப்ட் கடைசியா எப்ப சர்வீஸ் ஆச்சு?"

"நின்னா பண்ணுவோம் சார்."

போனை வைத்துவிட்டேன். எரிமலைகூடப் பரவாயில்லை போலிருக்கிறது.

மார்ச் 14

இரண்டு ஹெல்மெட் வாங்கினேன். கடைக்காரர், "என்ன வண்டி சார்?" என்றார். எரிமலைக்கு என்றேன். மனுஷன் முகம் மாறவே இல்லை. "அப்ப முகம் மூடுற மாடல் எடுங்க."

வீட்டில் மகள் அதை மாட்டிக்கொண்டு காலேஜ் பாடம் படித்தாள். வேண்டுமென்றேதான்.

மார்ச் 22

நான் செய்த தப்பு: குடியிருப்புச் செயலாளரிடம் வாயை விட்டது. கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் எல்லோருக்கும் அவர் 'விசில்'தான். அவசரம் வந்தால் மாடியிலிருந்து எப்படி இறங்குவது என்று மனைவிக்கு ஒத்திகை காட்டப் போகிறேன் என்றேன். அவர் கண்ணில் ஒரு ஒளி.

"வீட்டுக்குள்ள எதுக்கு சார்? கட்டடத்துக்கே வெச்சிடுவோம்!"

மாலைக்குள் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது: 'எரிமலை ஒத்திகை. அனைவரும் ஈரத்துண்டுடன் வரவும்.' இந்த ஊரில் மேடுகூடக் கிடையாது.

மார்ச் 29, ஞாயிறு

காலை ஏழுக்கு விசில். நாற்பத்தி மூன்று பேர், ஈரத்துண்டு மூக்கில். மூன்றாம் மாடிக்காரர்கள் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் மாடிக் கணக்கு வாத்தியார் கதவைத் திறக்கவில்லை. "எரிமலையை வந்து பெல் அடிக்கச் சொல்லு" என்று உள்ளிருந்தே குரல் வந்தது.

நான் படியோரமாகவே, "ஓடாதீங்க, நடங்க! லிஃப்ட்ட தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். யாரோ போட்ட ஈரத்துண்டில் கால் வைத்தேன்.

அவ்வளவுதான்.

என்னை லிஃப்ட்டில்தான் இறக்கினார்கள். விசில், மகள், மனைவி, ஆறுதல் சொல்ல எட்டுப் பேர். அதிக எடை என்று அது கீச்சிட்டது. யாராவது இறங்குங்கள் என்று வலியோடு கெஞ்சினேன். ஒருவரும் இறங்கவில்லை.

கணுக்கால் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு.

ஏப்ரல் 2

டிக்கெட்டை ரத்து செய்யணுமே என்றேன். "உங்களோடத செஞ்சுட்டேன்" என்றாள்.

ஏப்ரல் 5

தனியாகவா? தனியாகப் போய் என்ன செய்வாள்? பஸ்ஸில்கூட நான்தான் முதலில் ஏறி இடம் பிடிப்பேன். "கால் ஒடஞ்சவன விட்டுட்டு மலை பாக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டாச்சு.

அவள் துணியை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: "நான் உங்களுக்குச் சமைச்சு வெச்சுட்டுப் போறேன். பொண்ணு இருக்கா. கீழ்வீடு மேல்வீடு எல்லாம் இருக்கு. உங்களுக்கு என்ன இல்ல, சொல்லுங்க."

நீ இல்ல — என்று சொல்ல வந்தது. ஐம்பத்தி மூணு வயசுல அதைச் சொல்லி என்ன ஆகப்போகுது? என் மாத்திரை எங்கே என்று கேட்டேன்.

ஏப்ரல் 9

போய்விட்டாள். ஹெல்மெட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 10

போன் வந்தது. பின்னால் சந்தை இரைச்சல்.

"சாம்பல் விழுதுங்க, மாவு சலிச்ச மாதிரி. எல்லாரும் குடை பிடிச்சுக்கிட்டுக் கடைக்குப் போறாங்க."

"ஐயோ! நீ என்ன பண்ற?"

"நானும் குடை பிடிச்சுக்கிட்டுக் கடைக்குப் போறேன்."

ஏப்ரல் 12

சாம்பலால் விமானம் ரத்து. எப்போது கிளம்பும் என்று தெரியாது. நான் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. ஒரு மாதமாகச் சொன்னேனே, கேட்டாளா என்று போனில் கத்துவதற்காகத் தொண்டையைச் சரி செய்துகொண்டேன்.

"ஹலோ" என்பதற்குள், "நல்லதாப் போச்சு, இன்னும் வெந்நீர் ஊத்து பாக்கல" என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டது எப்போது என்று யோசித்ததில் கத்த மறந்துபோனது.

ஏப்ரல் 13

விசில் வந்தார். அடுத்து நிலநடுக்கம் வைக்கலாமா என்றார். கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் காட்டினேன். போய்விட்டார்.

ஏப்ரல் 15, புதன்

மதியம் வந்து சேர்ந்தாள். தலைமுடியில் லேசாகச் சாம்பல் நிறம். நரையா, சாம்பலா, கேட்கவில்லை.

"என்னென்ன பாத்த?" என்று மட்டும் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினாள். ஒரு பாட்டியம்மா வாசல் சாம்பலைப் பெருக்கிப் பையில் கட்டி வைப்பார்களாம், நகராட்சி வண்டி வந்து எடுத்துப்போகுமாம், குப்பை மாதிரி. மொழி தெரியாமலே அவர்கள் வீட்டில் இரண்டு நாள் சாப்பிட்டிருக்கிறாள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் என்னைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

"அடுத்து எங்கம்மா?" என்றாள் மகள்.

"பாலைவனம்." யோசிக்கவே இல்லை. அப்புறம் என் காலைப் பார்த்தாள். "சரியாயிடுச்சுன்னா நீங்களும் வாங்களேன்."

இத்தனை வருஷமாக நான்தான் அவளை எங்கும் கூட்டிப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரேன் என்றேன்.