உடுப்பு அலசிய தண்ணீர்

"உந்த உடுப்பு அலசின தண்ணியைச் சேத்து வைச்சு என்ன, கும்பாபிஷேகமோ செய்யப் போறியள்?" என்று நேற்று நான் கத்த, "ஊத்திப் பார், தெரியும்" என்று நீங்களும் கத்தினீர்கள். இன்று தேத்தண்ணியும் குடிக்காமல் கந்தோருக்கு வேலைக்குப் போய்விட்டீர்கள்.

வாளிகளை ஊற்றத்தான் போனேன். அதற்குள் மேல்வீட்டு அருந்ததி ஓடி வந்தாள். மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்களாம். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, கக்கூசுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. மாப்பிள்ளையின் தாய்க்கோ அவசரம்.

"அக்கா, உங்கட அவர் சேக்கிற தண்ணி கிடக்கோ?"

உங்கள் வாளிகளைப் பற்றி அவளிடம் சொல்லிச் சிரித்ததே நான்தானே. நாலையும் தூக்கிக் கொடுத்தேன். "தண்ணி வசதியெல்லாம் உள்ள வீடு" என்று அந்தத் தாய் புகழ்ந்தாவாம். சம்பந்தம் சரி. அது உடுப்பு அலசின தண்ணி என்று நான் வாயே திறக்கவில்லை, நம்புங்கோ.

முகத்துக்கு நேரே சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்: பெரிய உபகாரம். இனி அரிசி கழுவிய தண்ணீரும் கறிவேப்பிலைச் சாடிக்குத்தான்.

அருந்ததியோடு கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போகிறேன். இடியப்பமும் சொதியும் மூடி வைத்திருக்கிறேன். சந்தியில் அடையாள அட்டை செக்கிங், ஐசி இல்லாமல் கடைக்குப் பாண் வாங்கவும் போக வேண்டாம்.

நாகமணி

மறந்துவிட்டேன்: கலியாணம் முடிந்ததும் பெட்டை மாப்பிள்ளையோடு நோர்வேக்குப் போகிறாளாம், பின்னால் அருந்ததியும். உங்களைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க இனி எனக்கு ஆளில்லை. உங்களோடுதான் கதைக்க வேண்டும். கரண்ட் வந்ததும் மிச்ச உடுப்பை அலசி, வாளிகளை நிரப்பி வைத்திருக்கிறேன்.