காப்பை அவிழ்த்த சனிக்கிழமை

1955 பெப்ரவரி 21, திங்கள்

விடிகாலையில் தேயிலைத் தூரெல்லாம் பனி வெள்ளையாக உறைந்து கிடந்தது. கொழுந்து கருகும். வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் கங்காணி பேரைக் கூப்பிட்டுக் கத்துவது என் லயத்துக் காம்பரா வரைக்கும் கேட்டது. இரண்டு வருசமாக எனக்குப் பெரட்டு இல்லை. அது ஒரு பக்கம் சுகம். ஒரு பக்கம் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் ஆள் கணக்கு எழுதிய பழைய செக்ரோல் புத்தகத்தின் வெள்ளைப் பக்கத்தில் இப்படி எழுதுகிறேன்.

கூத்துப் பழக்கும் மூக்கன் வாத்தியார் வந்திருந்தார். இந்த வருசம் காமன் கூத்தில் மன்மதன் வேஷம் என் பேரன் மாயாண்டிக்குத்தானாம். "மூஞ்சிக்கும் சரி, கொரலுக்கும் சரி, இந்த மூணு டிவிசன்ல வேற ஆளு கெடையாது ஆத்தா" என்றார். நான் பல்லைக் காட்டவில்லை. தெரிந்த சங்கதிதானே என்பது போல இருந்தேன். அவர் தலை மறைந்ததும் அடுப்படியில் நின்ற மீனம்மாவிடம் இரண்டு தரம் சொன்னேன். கல்யாணமாகி மூன்று மாசம். புருஷன் பேரைக் கேட்டாலே அவளுக்குக் காது சிவக்கிறது.

தாய் தகப்பன் இல்லாமல் நான் வளர்த்த பிள்ளை. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இன்ஜின் பார்க்கிறான். கூத்தில் இந்திரன் அனுப்பும் ஓலையை வருசா வருசம் எழுதிக் கொடுப்பது நான். இந்த லயத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்த கிழவி வேறு யார் இருக்கிறாள்? இந்த வருசம் ஓலையும் என்னுடையது, மன்மதனும் என்னுடையவன்.

பெப்ரவரி 25, வெள்ளி

கம்பம் ஊன்றினார்கள். மாயாண்டிக்குக் காப்புக் கட்டியாயிற்று. மஞ்சள் துண்டு முடிந்த நூல், வலது மணிக்கட்டில். இனிப் பௌர்ணமியன்று காமனை எரிக்கும் வரை கருவாடு கூடாது, பெண்டாட்டி முகம் பார்க்கக் கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. காமன் பொட்டலில் போட்ட கொட்டகையில்தான் படுக்கை. மீனம்மா தூர நின்று பார்த்தாள். அழகாகத்தான் இருந்தான்.

பெப்ரவரி 26, சனி

இதை எழுதலாமா வேண்டாமா? எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

மத்தியானம் மாயாண்டி லயத்துக்குப் பின்பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டான். நாளைக்கு மூன்று துரைமார் மோட்டார் சைக்கிளில் மலை ஏறுகிறார்களாம். ரோட்டு வழியாக இல்லை. மேப்பிரிவுத் தேயிலையைத் தாண்டி, காட்டுக்குள்ளே மரைமான் வேட்டைக்காரர் போகிற ஒற்றையடிப் பாதையில் ஓட்டன் சமவெளி வரைக்கும். விடியப் போய் விளக்கு வைப்பதற்குள் திரும்புவது. ஸ்டோர் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த பட்டாளத்து மோட்டார் சைக்கிளை ஆறு மாசம் குடைந்து ஓட வைத்தானே, அதை ஓட்டிக்கொண்டு இவனும் வர வேண்டுமாம். அந்த மூவரில் ஒருவரான நம் தோட்டத்துச் சின்னத்துரை தன் தமிழில் சொன்னாராம்: "நீ செஞ்ச வண்டி. நீ ஓட்டு. நான் பின்னாலே வந்து பாக்கும்."

"முடியாதுன்னுட்டேன் அப்பாயி. காப்பு இருக்குதே" என்றான். வாய்தான் அப்படிச் சொன்னது. கண் மணிக்கட்டிலேயே இருந்தது.

இவன் தாத்தா, பெரியதுரையின் குதிரை வரும்போது ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கி நிற்கவில்லை என்று சவுக்கடி வாங்கிய மனிதன். மறுநாளிலிருந்து இறங்கி நின்றார். நானும் நின்றேன், இடுப்பில் பிள்ளையோடு, முழங்கால் தண்ணீரில். அதே ரோட்டில் என் பேரன் துரைமாரோடு சரிக்குச் சரி வண்டியில் போவான் என்றால், அதை ஒரு நூல் தடுப்பதா?

"கைய நீட்டுடா" என்றேன்.

"வேணாம் அப்பாயி."

"நாளைக்குப் பொழுது சாய வந்ததும் இதே முடிச்ச நான் போட்டு உடுறேன். சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

முடிச்சு இறுகி இருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். மஞ்சள் கசந்தது.

வெறும் மணிக்கட்டு வெளியே தெரியாமல் இருக்க முழுக்கைச் சட்டை வேண்டும். நான் கொண்டுபோனால் மூக்கன் வாத்தியார் ஆயிரம் கேள்வி கேட்பார். சாயங்காலம் மீனம்மா கையில் கொடுத்து, கொட்டகைக்குப் பின்னால் வைத்துவிட்டு வா என்று அனுப்பினேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வாத்தியாருக்கு, நாளைக்கு மாயாண்டிக்கு ஸ்டோரில் இன்ஜின் வேலை என்று சொல்லி விட்டேன்.

நூல் இந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

பெப்ரவரி 27, ஞாயிறு

பார்த்துவிட்டேன். கண் நிறையப் பார்த்துவிட்டேன். மேப்பிரிவு வளைவில் போய் நின்றேன். முதலில் இரண்டு துரைமார், பிறகு மாயாண்டி, அவனுக்குப் பின்னால் சின்னத்துரை. துரைக்கு முன்னால் போகிறான்! என்னைப் பார்த்து ஆரனை ஒரு தரம் அமுக்கினான். நான் நடு ரோட்டில்தான் நின்றேன். சின்னத்துரை ஒதுங்கிப் போனார்.

மாலை. ஞாயிற்றுக்கிழமையில் கொழுந்து லொறி எதற்கு வருகிறது? கீழே சத்தம் கேட்கிறது. மீனம்மா ஓடுகிறாள் –

பெப்ரவரி 28, திங்கள்

சமவெளிக்குப் போய்ச் சேரவே இல்லை. பாதி வழியில் ஓர் ஓடையில் இறங்கும்போது பாசிக் கல்லில் முன்சக்கரம் சறுக்கி, வண்டி வலது காலின் மேல் விழுந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. துரைமார் கோட்டைக் கழற்றி இரண்டு கம்பில் கட்டி, அதில் கிடத்தி மூன்று மைல் தூக்கி வந்தார்களாம். சின்னத்துரை என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். ஏதோ இங்கிலீசில் சொன்னார். தொப்பியை வைத்து நான் என்ன செய்ய.

டிஸ்பென்சர் ஐயா பேரின்பநாயகம்தான் தேயிலைப் பெட்டிப் பலகையை இரண்டு பக்கமும் வைத்துக் கட்டி, டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். "எலும்பு வெளியால வந்திட்டுது ஆச்சி, மண்ணும் பட்டிட்டுது. கால் தப்புமோ எண்டு டொக்டர்தான் சொல்லோணும். அழாதேங்கோ" என்றார். நான் எங்கே அழுதேன்?

கட்டுப் போடுவதற்கு முன்னால் சட்டையை வெட்டினார்கள். லொறியைச் சுற்றி லயமே நின்றது. பக்கத்துக் காம்பரா பேச்சியம்மாதான் முதலில் கண்டாள்.

"அய்யய்யோ, கையில காப்பு எங்க?"

மார்ச் 1, செவ்வாய்

காய்ச்சல் இறங்கவில்லையாம். காலை எடுக்க வேண்டி வரலாமாம்.

மார்ச் 2, புதன்

பெரிய கங்காணி பொன்னையா நாலு பேரோடு வாசலுக்கு வந்தார். கோயில் தலைவரும் அவர்தான். ஆஸ்பத்திரியில் போய் விசாரித்திருக்கிறார்கள். மாயாண்டி, "நானேதான் அவுத்தேன்" என்று சொல்லிவிட்டானாம். என் பேரைச் சொல்லவில்லை.

"எதுக்கு அவுத்தேன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறான் ஆத்தா. தொர கூப்புட்டா வண்டியில போவான், அதுக்குக் காப்ப ஏன் அவுக்கணும்? புதுப் பொண்டாட்டிக்காரன் எதுக்கு அவுப்பான்?" என்றார் பொன்னையா.

பேச்சியம்மா முன்னால் வந்தாள். "சனிக்கெழம பொழுது சாய இவ கொட்டாய்க்குப் பின்னால போனத இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். கையில துணி வேற. பன்னெண்டு நாளு பொறுக்க முடியலயாக்கும்!"

யாரோ சிரித்தார்கள். மீனம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

காமன் எரிவதற்கு முன் அவள் லயத்தை விட்டு நோட்டன் பிரிட்ஜில் இருக்கிற தாய் வீட்டுக்குப் போய்விட வேண்டும். திரும்பக் கூப்பிடுவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். இது தீர்ப்பு.

நான் வாயைத் திறக்கவில்லை. எழுதவே கை கூசுகிறது. காயிதம் வந்தால் என்னிடம்தான் வாசிக்கக் கொண்டு வருகிறார்கள், சண்டை என்றால் என்னைத்தான் கேட்கிறார்கள். நான் சொன்னால் பிறகு என்னை யார் மதிப்பார்கள்? இரண்டு நாள் போகட்டும். அடங்கிவிடும்.

அடங்குமா?

மார்ச் 3, வியாழன்

லயத்துக்கு மலைத் தண்ணீர் விழும் பீலியில் மீனம்மாவைப் பிடிக்க விடவில்லை. குடத்தை உருட்டி விட்டார்களாம். பேச்சியம்மா காலால். மீனம்மா ஒன்றும் சொல்லாமல் மலைக்கு அந்தப் பக்கம் ஓடைக்குப் போய்க் கொண்டுவந்தாள். போக வர ஒரு மணி நேரம். அந்தத் தண்ணீரில்தான் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். குடித்தேன்.

மார்ச் 4, வெள்ளி

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

காம்பரா மெழுகுவதற்காக என் பெட்டியை நகர்த்தியிருக்கிறாள். புத்தகம் தலைகீழாக இருந்தது, அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நான் சுருட்டிச் செருகி வைத்த நூல் இப்போது நேராக நீவி மடித்து, நடுப்பக்கத்தில் இருக்கிறது. மஞ்சள் கறை கூடப் பக்கம் மாறிவிட்டது.

"பெட்டியில எதையாச்சும் பாத்தியாடி?" என்று கேட்டேன்.

"என்னத்த அப்பாயி?" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டாள்.

வாசலில் நின்று கத்தியிருக்கலாமே. ஊரைக் கூட்டியிருக்கலாமே. ஏன் சொல்லாம போறா? என்னைத் திட்டிட்டாலும் தேவலையே.

மார்ச் 6, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால் இன்னும் இருக்கிறது. காலை எடுப்பதா விடுவதா என்று செவ்வாய்க்கிழமை பார்ப்பார்களாம். வீக்கம் கருநீலம். முகம் சுருங்கிவிட்டது.

"எவ்வளவோ மேடு பள்ளம் ஏறுனியே, அந்த ஓடையில என்னடா ஆச்சு?" என்றேன். சும்மாதான் கேட்டேன்.

வலது மணிக்கட்டைத் தடவினான். "ஓடையில எறங்கையில சட்டக் கை மேல ஏறிருச்சு அப்பாயி. கை வெறுங்கையா தெரிஞ்சுது. அதப் பாத்தேன். கல்லப் பாக்கல."

நான் போர்வையை இழுத்து அவன் கையை மூடினேன்.

"நீங்க யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. நீங்க தல குனிஞ்சு நான் பாத்ததில்ல" என்றான். பிறகு, "மீனா எப்படி இருக்கா? அவள ஏன் கூட்டியாரல?"

"நல்லா இருக்கா. ஒனக்காக வெரதம் இருக்கா" என்றேன். இந்த வாய் எப்படியெல்லாம் பேசுகிறது.

வீட்டுக்கு வந்தால் மீனம்மா இரண்டு சேலையும் கல்யாணத்துச் சீப்பும் வைத்து மூட்டை கட்டியிருக்கிறாள். நாளைக்கு முதல் பஸ்ஸில் போகிறாளாம். எனக்கு மூன்று நாளைக்குக் காணும்படி தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறாள். இருந்த பானை, சட்டி, வாளி எல்லாவற்றிலும்.

மார்ச் 7, திங்கள்

பெரட்டுக்குப் போனேன். பஸ்ஸுக்கு முன்னால் பெரட்டு. அங்கேதான் எல்லாரும் ஒன்றாக இருப்பார்கள்.

ஆணும் பெண்ணுமாக நின்றார்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நடுவில் போய் நின்றதும் நிறுத்திவிட்டார். யோசித்து வைத்ததெல்லாம் மறந்து போயிற்று.

"காப்ப அவுத்தது நானு" என்றேன். "இந்தா நூலு. என் பல்லுத் தடம் கூட இருக்கு, பாத்துக்கங்க. அவன் மாட்டேன்னுதான் சொன்னான். துரைமாரோட அவன் வண்டியில போறத பாக்கணும்னு எனக்குத்தான் ஆச. சட்டயக் குடுத்து அனுப்புனதும் நானு. அந்தப் புள்ள எதையும் அறியாது."

எல்லாரும் பார்க்க நூலைத் தூக்கிப் பிடித்தேன்.

"அஞ்சாப்புப் படிச்ச புத்தி இதுக்குத்தான் ஒதவுச்சா ஆத்தா?" என்றார் பொன்னையா. இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள்.

"அஞ்சு நாளு அந்தப் புள்ளய தண்ணிக்கு அலய விட்டுட்டு, உள்ள ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சிருக்கீங்களே!" என்றாள் பேச்சியம்மா. குடத்தை உருட்டியது உன் கால்தானேடி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் சொன்னதில் பொய் இல்லை.

இனி நான் பொட்டல் பக்கம் வரக் கூடாது, கோயிலில் எனக்குத் திருநீறு கிடையாது, யாரும் என்னிடம் காயிதம் கொண்டு போகக் கூடாது. ஒரு வருசத்துக்கு. மூக்கன் வாத்தியார் நூலை வெற்றிலையில் வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது வழியில் மீனம்மா மூட்டையோடு நின்றாள். கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. "வீட்டுக்குப் போடி" என்றேன். குரல் எனக்கே அதட்டல் போலக் கேட்டது. போய்விட்டாள்.

மார்ச் 8, செவ்வாய்

இன்று காமனை எரிக்கிறார்கள். மன்மதன் வேறு ஒருவன்; ஓலையை வேறு யாரோ எழுதினார்களாம். எத்தனை பிழையோ.

டிஸ்பென்சர் ஐயா ஆள் அனுப்பியிருந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது. காலை எடுக்கவில்லை.

மே 8, ஞாயிறு

மாயாண்டி வந்து பத்து நாளாகிறது. வலது கால் ஓர் அங்குலம் குட்டை. ஊன்றுகோல் இருக்கிறது. ஓடையிலிருந்து தூக்கி வந்த வண்டி ஸ்டோரில் கிடக்கிறதாம். நேற்று அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு திருகாணியைக் கழற்றிப் பார்த்தானாம். மீனம்மா என்னிடம் சொன்னாள். அவன் சொல்லவில்லை. என்னிடம் அவன் அதிகம் பேசுவதில்லை. கோபம் இல்லை. என்னைப் பார்க்கக் கூச்சம். எனக்கும்தான்.

பீலியில் இரண்டு மாசமாக என் குடத்தை யாராவது காலால் தள்ளிக் கடைசியில் வைத்துவிடுவார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. எல்லாரும் பிடித்துப் போன பிறகு பிடித்துக்கொள்வேன். மீனம்மா, நான் தண்ணிக்குப் போறேன் அப்பாயி, நீங்க இருங்க என்று தினமும் சொல்வாள். நான் விடுவதில்லை. என் குடம் என் குடம்தான்.

இன்றைக்கும் ஏழெட்டுக் குடத்துக்குப் பின்னால் என்னுடையது. மீனம்மா துணி துவைக்க என்று குடமும் வாளியுமாக வந்தாள். அவளை இப்போது முன்னால் விடுகிறார்கள். அவள் குடத்தை வாங்கி இரண்டாவதாக வைத்தது பேச்சியம்மாதான்.

மீனம்மா போய் அந்தக் குடத்தைத் தூக்கினாள். தண்ணீர் பிடிக்கத்தான் என்று நினைத்தேன். இல்லை. கொண்டுவந்து என் குடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"ஏண்டி, ஒன் மொற வந்துருச்சே!" என்றாள் பேச்சியம்மா.

"அப்பாயி புடிக்கட்டும்."

மழை பெய்திருந்ததால் பீலி வேகமாக விழுந்தது. என் முறை வந்தபோது குடத்தை இரண்டு தரம் விளக்கிக் கழுவினேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.