ஜாஸ்தி வெளிச்சம்

மச்சான்,

இன்று காலை தெற்கு வீதியில் இஸ்திரி வண்டிக்குப் போனபோது கரி வாசனை வந்தது. சாம்பல் மூடிய கரியில் சிவப்பு தெரியவில்லை. கையை நீட்டினால் அனல் மட்டும் அடித்தது. எம்.எஸ்சி. படிக்கும்போது இதேபோல ஒரு வண்டியைக் காட்டி, "அகச்சிவப்புக்கு இதவிட என்னா டெமோ வேணும்?" என்று கேட்டாயே. சட்டையைக் கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

படிப்பு முடிந்து நீ சேத்தியாத்தோப்பில் பள்ளி ஆசிரியரானாய். நான் சிதம்பரத்திலேயே ஆராய்ச்சியில் மாட்டிக்கொண்டேன். எரிந்து முடிந்து சுருங்கிப்போன நட்சத்திரங்களான வெண்குறுமீன்கள்தான் என் பாடம். அப்படி ஒரு நட்சத்திரத்தின் பக்கத்தில் வந்த சிறுகோள் நொறுங்கி அதைச் சுற்றித் தட்டுபோலத் தூசாகப் பரவிவிட்டால், அந்தத் தூசு சூடேறி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒளிரும். நட்சத்திரம் தர வேண்டியதற்கு மேல் அகச்சிவப்பு வந்தால் தூசைச் சந்தேகிக்கலாம். சனிக்கிழமைகளில் வந்து எனக்கு நிரல் எழுதித் தந்த நீ, அந்தக் கூடுதலுக்கு வைத்த பெயர் 'ஜாஸ்தி'.

ஒரு நட்சத்திரத்தில் ஜாஸ்தி அள்ளிக்கொண்டு வந்தது. ஆய்வேடு முழுக்க அதை நம்பித்தான் நின்றது. கடலூர் முதுநகரில் இருந்த என் அப்பாவோ, "இந்த வருசத்தோட முடி. இல்லன்னா வேற வேலைக்குப் போயிடு" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் ஒரு மழை நாளில் நனைந்த சட்டையோடு வந்தாய். "சாப்டியா?" என்றாய். இல்லை என்றதும் மெஸ்ஸுக்கு இழுத்துப் போனாய். நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாய்.

"மச்சான், அந்த ஜாஸ்தி நம்ம நட்சத்திரத்தோடது இல்லடா. புதுசா தெளிவான படம் வந்திருக்கு, பாத்தேன். பின்னாடி தூரத்துல ஒரு கேலக்ஸி இருக்கு. அதோட வெளிச்சம்தான் கலந்து வருது."

"உன்ன யார்ரா பாக்கச் சொன்னா?" என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்துட்டேன். பாத்துட்டு உங்கிட்ட சொல்லாம எப்புடிடா இருக்கறது? மிச்சம் இருக்கற நட்சத்திரத்தயும் பாப்போம். லீவு சொல்லிட்டுதான் வந்திருக்கேன்."

மிச்சத்தில் ஒன்றே ஒன்று தேறியது. ஜாஸ்தி கொஞ்சம்தான். ஆனால் எந்தப் படத்தில் பார்த்தாலும் பின்னால் யாரும் இல்லை. தூசுதான்.

வாய்மொழித் தேர்வில் ஆந்திராவிலிருந்து வந்திருந்த பேராசிரியர் திரையில் அட்டவணையின் தலைப்பைப் பார்த்து, "யார் இந்த ஜாஸ்தி? எங்கள் பக்கத்துக்காரரா?" என்று கேட்டார். ஆந்திராவில் அது குடும்பப் பெயராம். அந்தத் தலைப்பை மாற்ற நாம் இரண்டு பேருமே மறந்திருந்தோம். கடைசி வரிசையிலிருந்து நீ, "ஆள் இல்ல சார், அளவு" என்றாய். அவரே முதலில் சிரித்தார். நான் அடுத்த படத்துக்குப் போனேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காய்ச்சல் என்று கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போன நீ உயிரோடு திரும்பி வரவில்லை. உனக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. நமக்குள் அந்த வழக்கம் கிடையாது. இப்போது சொல்கிறேன்: நன்றிடா. அன்றைக்கு நீ பேசாமல் இருந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. நானும் யாருடைய வெளிச்சத்தையோ என்னுடையது என்று சொல்லிப் பட்டம் வாங்கியிருப்பேன்.

இப்போது அடுத்தவர் கணக்கில் தப்பு கண்டால் நான் போனில் சொல்வதில்லை. பஸ் ஏறிப் போகிறேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்கிறேன். சொன்ன பிறகு உடனே எழுந்து வருவதில்லை.