மதினியோடு ரேடியேட்டர் கழுவிய ஞாயிறு

மதினி,

ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலண்ட் கேனின் மூடியைத் திருகியதும் அந்த வாசனை வந்தது. வெல்லப்பாகு லேசாக அடிபிடித்தது போல ஒரு இனிப்பு, அதற்கு அடியில் மருந்துக் கடை. இன்று காலை வாசலில் காரின் பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, கையில் கேனோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். நாளை அம்மாவை மதுரைக்குச் சோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும். போன வாரம் வண்டி மறுபடி சூடேறியது. ரேடியேட்டரில் இருக்கும் பழைய தண்ணீரை எடுத்து, கழுவி, புதிதாக ஊற்றாமல் அதை நம்பி அவளை ஏற்ற முடியாது. இந்த வீட்டில் இப்போது அதைச் செய்ய நான் ஒருத்திதான். அலுப்பாக இருக்கிறது மதினி. குனிந்தால் நிமிரத் தோன்றவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அம்மாவின் கழுத்தில் கட்டி என்று சொல்லி, மதுரையில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கச் சொன்னார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், ஆறு வாரம். நடுவில் ஒருநாள்கூட விடக் கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். அண்ணன் வெளிநாட்டில் இருந்தார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. முதல் நாள் பஸ்ஸில் போய்த் திரும்புவதற்குள் அம்மா துவண்டுபோனாள். மறுநாள் நீங்கள் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, "அத்தே, நீங்க பின்னாடி படுத்துக்கிட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள். அண்ணன் விட்டுப்போன அந்தப் பழைய வண்டியை அதுவரை நீங்கள் திண்டுக்கல்லைத் தாண்டி எடுத்துப் போனதில்லை.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, கொடைரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. ஓரமாக நிறுத்தினீர்கள். முன்னாலிருந்து ஆவி புஸ்ஸென்று வந்தது. நேரமாகிறதே என்ற பதற்றத்தில் நான் ஓடிப்போய் ரேடியேட்டர் மூடியில் துண்டைப் போட்டுத் திருகப் போனேன். என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். "தொட்றாத! மூஞ்சியெல்லாம் வெந்துரும். அது தானா ஆறட்டும்." முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். அம்மா பின்சீட்டில் கண்ணை மூடிக் கிடந்தாள். நாம் போய்ச் சேர்ந்தபோது கரண்ட் வைக்கிற பையன் கிளம்பத் தயாராக இருந்தான். நீங்கள் கெஞ்சியதற்காக மறுபடி மிஷினைப் போட்டான்.

மெக்கானிக் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார். புதன்கிழமைதான் வருவாராம். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் என்ன செய்வது? போனிலேயே அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, பால் கணக்கு எழுதும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தீர்கள்.

கீழே இருந்த திருகைத் திறந்ததும், துணி துவைக்கிற பேசினில் செங்கல் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. "நம்ம போர் தண்ணிதான் இம்புட்டையும் செஞ்சிருக்கு" என்றீர்கள். வருடக்கணக்காக உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, உள்ளே துருவும் சுண்ணாம்பும் அடைத்திருந்தன. கழுவுகிற மருந்தை ஊற்றி, தண்ணீர் நிரப்பி, இஞ்சினை ஓடவிட்டோம். ஹீட்டருக்குள்ளும் தண்ணீர் ஓட வேண்டும் என்பதால் அதை முழுச் சூட்டில் வைத்துவிட்டு என்னை உள்ளே உட்காரச் சொன்னீர்கள். சித்திரை வெயிலில், முகத்தில் அனல்காற்று அடிக்க, முள் எங்கே நிற்கிறது என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். பிறகு ஆறவிட்டு, திறந்துவிட்டு, மறுபடி நிரப்பி. மூன்றாவது தடவையும் தண்ணீர் டீ நிறத்திலேயே வந்தது.

கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று டிரம்மைத் திறந்தீர்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. குழாயில் அடுத்த தண்ணீர் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. "குடிக்கிற தண்ணிய எடுத்துக் காருக்கு ஊத்துறீங்களே!" என்றேன். "நான் குடிக்கிறதக் கொறச்சுக்கிறேன் புள்ள" என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

கீழ்க்குழாய் வெடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. விரலால் அழுத்தினால் ரப்பர் பிளந்தது. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? பழைய குழாயைப் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறிப் போனீர்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாயின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினீர்கள். வீடு தேடிப் போய் அவரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பியிருக்கிறீர்கள். பாய் தாமே குனிந்து குழாயை மாட்டி, கிளிப்பை முடுக்கிவிட்டு, உள்ளே எட்டி அம்மாவைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கின்னு ஒரு போன் போட்டிருந்தா நானே கொண்டாந்திருப்பேன்லம்மா. இம்புட்டு வெயில்ல எதுக்கு அலையுறீங்க?" என்றார்.

அதன் பிறகுதான் கூலண்டும் பேட்டரித் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து ஊற்றினோம். மூடியைத் திறந்து வைத்து இஞ்சினை ஓடவிட்டு, மேல்குழாயைப் பிசைந்து பிசைந்து காற்றை வெளியேற்ற வேண்டும். குமிழிகள் வரவர மட்டம் இறங்கும், மறுபடி ஊற்ற வேண்டும். பாதியில் நீங்கள் கையை எடுத்துவிட்டு, "செத்த நேரம் ஒக்காந்துக்கிறேன்" என்று படியில் உட்கார்ந்தீர்கள். உங்கள் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. எனக்கும் பசி, எரிச்சல், கையெல்லாம் பிசுபிசுப்பு. "நீங்க ஒக்காந்தா இத யாரு முடிக்கிறது?" என்றேன். நீங்கள் எழுந்து வந்து மறுபடி குழாயைப் பிசைந்தீர்கள்.

திங்கட்கிழமை முள் பாதியைத் தாண்டவில்லை. மீதி மூன்று வாரமும் தாண்டவில்லை. அம்மாவுக்கு ஒரு கரண்ட்கூடத் தவறவில்லை.

அது முடிந்து இரண்டு மாதத்தில், வெஞ்சனம் தாளித்துக்கொண்டிருந்த நீங்கள் அடுப்படிச் சுவரில் சாய்ந்தபடியே கீழே இறங்கினீர்கள். கார் வாசலில்தான் நின்றது. ஓட்டத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர். ஆட்டோ பிடித்து வருவதற்குள் உங்கள் கை குளிர்ந்துவிட்டது. "முன்னாடியே வலி இருந்திருக்குமே, சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அண்ணன் வந்தார், காரியம் முடிந்து போனார். அந்த மாதமே நான் டிரைவிங் பள்ளியில் சேர்ந்தேன்.

இன்று தனியாகவே எல்லாம் செய்துகொண்டு வந்தேன். மேல்குழாயைப் பிசைந்துகொண்டிருந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. கொஞ்ச நாளாகவே மாடிப்படி ஏறினால் வாங்குகிறது. குழாயை விட்டுவிட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா, "ஏ புள்ள, அவளுக்கும் இப்படித்தான் வாங்குச்சு" என்றாள்.

"யாருக்கு?"

"ஒங்க மதினிக்கு. கார்ல போறப்ப நெஞ்சப் புடிச்சுக்கிட்டா. நான் பின்னாடி இருந்து பாத்துட்டேன். என்னாத்தான்னு கேட்டா, ஒங்களுக்குக் கரண்ட் முடியட்டும் அத்தே, அப்பறம் காட்டிக்கிறேன், சின்னவகிட்டச் சொல்லிறாதீங்க, அவ பயந்துருவான்னா. நானும் சரின்னுட்டேன். முடிஞ்ச பெறகு கேட்டப்ப, இப்ப ஒன்னுமில்ல, தூக்கம் பத்தலன்னுட்டா. எனக்கு உசுரு மேல ஆச, புள்ள. வண்டி நிக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

மூன்று வருடமாக அவள் இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. உங்கள்மேல் அதைவிட. என்னிடம் சொன்னால் பயந்திருப்பேன்தான், மதினி. பயந்து உங்களை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அம்மாவை வாடகைக் காரில் கொண்டுபோயிருப்பேன். படியில் உட்கார்ந்தவரை எழுப்பியிருக்க மாட்டேன். இதையெல்லாம் சத்தமாகவே சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், அழவில்லை.

கடைசியில், "நாளைக்கு ஆஸ்பத்திரியில எனக்குச் சீட்டு போடுறப்ப ஒனக்கும் ஒன்னு போடணும். போடலேன்னா நான் கார்ல ஏற மாட்டேன்" என்றாள்.

"எனக்கு ஒன்னுமில்ல. தூக்கம் பத்தல, அம்புட்டுத்தான்."

"அவளும் இதத்தான் சொன்னா."

இஞ்சினை நிறுத்திவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அம்மா என் தலைமேல் கையை வைத்தாள். நான் ஒன்றும் கேட்காமலே, "இன்னைக்கே முடிக்கணும்னு இல்ல, காலையில பாக்கலாம்" என்றாள்.

இத்தனை நாளும் நான் சுமந்தது, படியில் உட்கார்ந்த உங்களிடம் கடிந்து பேசிய அந்த ஒரு வாக்கியத்தை. இனி உங்கள் மௌனத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும், அது இன்னும் கனமாக இருக்கிறது. ஆனாலும் நாளை மதுரையில், அம்மாவின் பெயரைச் சொன்ன பிறகு, என் பெயரையும் சொல்லப் போகிறேன். என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டால் எல்லாவற்றையும் சொல்வேன். எதையும் சின்னதாக்கிச் சொல்ல மாட்டேன்.